முத்திரைக்குக் கீழே நின்றவர்

– அந்த ஸ்கேலைக் கொஞ்சம் கீழ வை, அக்கா. உன் மூஞ்சியைப் பார்த்துப் பேசணும்.

– பேசு, காது கேக்குது. பட்டமளிப்பு மலர் மத்தியானம் அச்சுக்குப் போகணும். ஒவ்வொரு பக்கத்துலயும் பல்கலைக்கழக முத்திரை சரியான அகலத்துல இருக்கான்னு அளந்து நான் கையெழுத்துப் போட்டாத்தான் பிரஸ்காரங்க மிஷினைத் தொடுவாங்க.

– கூடப் பொறந்தவ வந்து நிக்கறேன். உக்காருன்னு ஒரு வார்த்தை வரல உன் வாயில.

– உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கலர் அட்டை காயுது. இப்படி வா. உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு எப்படி இருக்கு?

– கட்டுப் பிரிச்சுட்டாங்க. இடது கண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுதாம். வலது கையை மடக்க வரல. சாப்பாடு நான்தான் ஊட்டி விடறேன். வெக்கப்பட்டுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கறாரு.

– டாக்டர் என்ன சொல்றாரு?

– டாக்டரை விடு. உன் பல்கலைக்கழகம் என்ன சொல்லுதுன்னு கேளு. புது லேப் திறப்பு விழா அன்னைக்கு என் வீட்டுக்காரருக்கு அங்க வேலையே இல்லையாம். லீவுல இருந்த லேப் உதவியாளர், வேடிக்கை பார்க்க உள்ள நுழைஞ்சு, கேஸ் குழாயை நோண்டி, தீயை அவரா வரவழைச்சுக்கிட்டாராம். விசாரணைக் குழு அப்படித்தான் எழுதப் போகுது. வேலையும் போச்சு, வைத்தியமும் எங்க தலையில. இன்னைக்குத்தான் கடைசி விசாரணை.

– கூட நின்னவங்க சொல்லலாமே.

– யாரு சொல்லுவா? எல்லாரும் பெரிய மனுஷங்க. கூட்டத்துல கவனிக்கலம்மாங்கறாங்க. செல்போனை எல்லாம் பாதுகாப்புன்னு வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க, ஒருத்தர்கிட்டயும் படம் கிடையாது. இருக்கறது ஒண்ணே ஒண்ணு. நீ போட்ட விழா மலர்ல இருக்கறது. இதோ, பையில கொண்டு வந்திருக்கேன். பாரு.

– எனக்குத் தெரியும். உள்ள வை.

– பாருங்கறேன். துணைவேந்தர் ரிப்பன் வெட்டறாரு. பின்னாடி சுவத்துல முத்திரை. முத்திரைக்குக் கீழ ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் சுவரு. நான் சும்மா கேக்கறேன், துணைவேந்தர் கைக்குக் கத்தரிக்கோல் ஆகாயத்துலேர்ந்தா வந்துச்சு? தட்டுல வச்சு நீட்டின ஆளு எங்கக்கா?

– தெரிஞ்சுக்கிட்டே கேக்காத.

– உன் வாயால கேக்கணும்.

– முத்திரையைச் சுத்திப் பாதி முத்திரை அகலத்துக்கு எதுவும் வரக் கூடாது. எழுத்து, கோடு, ஆள் தலை, எதுவும். விதின்னா விதி. உன் வீட்டுக்காரர் நெட்டை. அவரு தலை நேரா முத்திரையோட அடியில போய் இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. காலையில எடுத்த படம், சாயங்காலம் விருந்தாளிங்க கையில மலர் இருக்கணும். மத்த படத்துல எல்லாம் துணைவேந்தர் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறாரு. வேற வழியில்லாம உன் வீட்டுக்காரரைப் படத்துலேர்ந்து எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை. அப்ப தீ பிடிக்கவே இல்லடி. பிடிக்கும்னு கனவா கண்டேன்?

– வேற யாராவது நின்னிருந்தா?

– வேற யாராவதுன்னா யோசிச்சிருப்பேன். நம்ம வீட்டு ஆளுங்கறதாலதான் கை தயங்கல. தங்கச்சி புருஷன்னு விட்டுட்டான்னு இந்த ஆபீஸ்ல ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு.

– நல்ல நியாயம். மலரைக் கொண்டு போய் நீயே அவருகிட்டக் காட்டினியாமே. ‘ஸ்கேல் அண்ணி என்னையும் அளந்து வெட்டிட்டாங்க’ன்னு லேப் போன்லேர்ந்து எனக்குப் பேசி அப்படிச் சிரிச்சாரு. போனை வச்ச கொஞ்ச நேரத்துல தீ. அதுக்கப்புறம் அவரு சிரிச்சு நான் பாக்கல.

– போதும்டி.

– போதாது. முதல்ல எடுத்த படம் எங்க? அதைக் கொடு, நான் போயிடறேன். உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

– இல்ல. அச்சுக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டதும் மத்ததை எல்லாம் அழிச்சிடணும். ஒரே விழாவுக்கு ரெண்டு விதமான படம் வெளியில சுத்தக் கூடாது. அச்சுல வந்ததுதான் பல்கலைக்கழகத்தோட பதிவு.

– இதை எந்த மகராசன் எழுதினான்?

– நான்தான். விதிப் புத்தகம் முழுக்க நான் எழுதினதுதான்.

– போட்டோக்காரர்கிட்ட இருக்குமே.

– அவரு கேமரா கார்டை வாங்கித் துடைச்சதும் நான்தான்.

– சுத்தம். அப்ப மிச்சம் இருக்கறது நீ மட்டும்தான். குழு முன்னாடி வந்து சொல்லு. அவரு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு, வேலையில இருந்துதான் தட்டைப் பிடிச்சாரு, படத்துலேர்ந்து எடுத்தது நான்னு சொல்லு.

– சொன்னா என்ன ஆகும் தெரியுமா? படத்துல இருக்கற மனுஷனை எடுக்கக் கூடாதுன்னு அதே புத்தகத்துல இன்னொரு விதி இருக்கு. மீறினா வேலை போயிடும்.

– அதையும் நீதான் எழுதினியா?

– ஆமா. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டிக்கும்னு எழுதும்போது தோணல. முட்டினப்ப, முத்திரை பெரிசுன்னு நினைச்சுட்டேன்.

– மனுஷன் சின்னதாப் போயிட்டாரு உனக்கு.

– என் பொண்ணை நினைச்சுப் பாரு. ஊழியர் பிள்ளைங்கற சலுகையில இங்க படிக்கறா. கடைசி வருஷம். அவ அப்பா போனதுலேர்ந்து எனக்கு அவ, அவளுக்கு நான். இந்த வேலை போச்சுன்னா அவ படிப்பு அந்தரத்துல நிக்கும்.

– அவ எனக்கு மட்டும் யாரு? என் இடுப்புல வளர்ந்தவதானே.

– அவ பட்டம் வாங்கட்டும். அப்புறம் மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்கும்ல, அங்க வந்து சொல்றேன். சத்தியமா சொல்றேன்.

– இன்னைக்கு அவரு குத்தவாளின்னு எழுதிட்டா, அப்புறம் உன் சத்தியத்தை யாரு கேப்பாக்கா? அம்மா போனதுக்கப்புறம் எனக்கு எல்லாமே நீதானே. இவரைப் பார்த்துப் பேசி முடிச்சது நீ. லேப்ல ஆள் எடுக்கறாங்கன்னு இந்த வேலைக்கு மனுப் போட வச்சதும் நீ.

– அதுதான்டி என்னைக் கொல்லுது. மூணு வாரமா ஆஸ்பத்திரிக்கு வர கால் வரல. அவருதான் உன்னை அனுப்பினாரா?

– அவருக்குத் தெரியாது. அண்ணிகிட்டப் போகக் கூடாதுன்னு காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. மருந்து வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். அவரு தம்பி அவரைக் குழுவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு.

– ஏன் போகாதங்கறாரு?

– கேட்டேன், பேச்சை மாத்திட்டாரு. உன் மேல கோபமா இருக்கும்.

– இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும்.

– ஏன் ஸ்கேலை எடுத்து மேசைக்குள்ள வைக்கற? மலர்ல இன்னும் கையெழுத்துப் போடலியே.

– அது கிடக்கட்டும், வேற யாராவது போட்டுக்குவாங்க. என் கைப்பை எங்க? ஜன்னலைச் சாத்து, தாளெல்லாம் பறக்கும்.

– அக்கா.

– அழாத, நீ அழுதா நான் உக்காந்துடுவேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. படி இறங்கற வரைக்கும் கையைப் பிடிச்சுக்க, விடாத.

– விட மாட்டேன். இரு, போன் அடிக்குது. அவருதான். சொல்லுங்க, நாங்க வந்துக்கிட்டே இருக்கோம். ஆமா, பொய்தான் சொன்னேன், அக்காகிட்டதான் வந்தேன். அவளும் வர்றா, எல்லாத்தையும் சொல்றேங்கறா... என்னது? எப்ப? ஏங்க இப்படிப் பண்ணீங்க... சரி. சரிங்க.

– என்னடி? ஏன் நின்னுட்ட? குழு போயிடுச்சா? என்ன சொல்றாரு?

– மலரைக் காட்டி, இந்தப் படத்துலேர்ந்து உங்களை யாராவது எடுத்தாங்களான்னு அவருகிட்டக் கேட்டாங்களாம்க்கா. யாரும் எடுக்கல, நான் அன்னைக்கு லீவுதான்னு சொல்லி, இடது கையால கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டாராம். அண்ணியைப் பயப்படாம வேலையைப் பார்க்கச் சொல்லுங்கறாரு.