கேமரா வழியே வந்தவன்

ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "நம்ம வீட்டு நெட்டுக்குள்ள வந்தது திருடன் இல்லைங்க. என் தம்பி."

"துபாய்ல இருக்கிறவரா?"

"ஆமா. தினம் சாயங்காலம் வெளியிலேர்ந்து யாரோ உள்ள வராங்கன்னு ரவுட்டர்ல காட்டுச்சு. தேடிப் பாத்தா, ஹால்ல மாட்டச் சொல்லி அவன் வாங்கிக் குடுத்த கேமரா வழியா அப்பாவைப் பாத்துட்டிருக்கான்."

"போன் பண்ணிப் பேசலாமே?"

அவர் குரல் தணிந்தது. "எனக்கும் அவனுக்கும் வந்த சண்டைக்கப்புறம் அப்பா போன்ல அவன் நம்பரை நான்தான் பிளாக் பண்ணேன். அப்பாவுக்கு அது தெரியாது. சின்னவன் தன்னை மறந்துட்டான்னு நினைச்சிட்டிருக்கார்."

"இப்ப பிளாக்கை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். ஆனா அவனுக்குத் தெரியாதே. எந்த முகத்தோட கூப்பிட்டுச் சொல்றது? நேத்து கேமராவை அப்பா நாற்காலிக்கு நேரா திருப்பி வச்சேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது."