வெற்றிலை வைத்துச் சொன்னது

அழகர்: எந்திரிக்காத, உக்காரு ரெங்கம்மா. இப்பத்தான் வண்டிய விட்டு எறங்குனேன். அக்கா மக பதுளைக் கோர்ட்டு வாசல்ல கெடக்கான்னு கேட்டதும் மனசு தாங்கல... ஓடியாந்தேன்.

ரெங்கம்மா: மடுல்சீமையிலேருந்தா ஓடியாந்தீங்க? வேர்வையே காணோமே மாமா.

அழகர்: கேலி பண்ற நேரமா இது?

புஹாரி: ஏய், யாரு நீ? தள்ளி நில்லு.

அழகர்: தேயிலத் தோட்டத்துக் கங்காணிங்க ஐயா. இந்தப் புள்ள என் கூட்டத்து ஆளுதான். நான் தாய்மாமன். போலீசு ஐயா மனசு வச்சா ஒரு வார்த்த பேசிக்கிறேன்.

புஹாரி: சுருக்காப் பேசு. இன்னும் ரெண்டு ஆளு உள்ள நிக்கிது. அதுங்க வந்ததும் எல்லாரையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போகணும்.

ரெங்கம்மா: எம் மக பூவம்மா என்ன பண்றா மாமா?

அழகர்: லயத்துல இராக்கம்மா வீட்டுல இருக்கா. நல்லாத் திங்கிறா.

ரெங்கம்மா: இருமல்?

அழகர்: ...இருக்கு. அந்தக் குளிருல யாருக்குத்தான் இல்ல?

ரெங்கம்மா: அவ அண்ணனுக்கும் அப்படித்தான் சொன்னீங்க. அவனப் பொதச்ச மேட்டுல இப்பத் தேயிலக் கன்னு நட்டாச்சு.

அழகர்: அதை ஏன் இப்பக் கெளறுற?

ரெங்கம்மா: கெளறல. லுணுகலையில பரிமளம் அக்கா இருக்கிற தோட்டம் கீழ கெடக்கு, குளிரு கொறச்சல். இருக்கிறவளையாவது அங்க கொண்டு போயிரணும்னுதான் போறேன்னேன். சொன்னேனா இல்லையா?

அழகர்: சொன்ன...

ரெங்கம்மா: சும்மாவா சொன்னேன்? தட்டுல வெத்தல பாக்கு வச்சு, உங்க கால்ல விழுந்து சொன்னேன்.

அழகர்: மெதுவா, மெதுவா. அந்தாளுக்குக் கேக்கும்.

ரெங்கம்மா: எடுத்து மென்னீங்க. ‘ஒரு மாசம் வேல செஞ்சுட்டுப் போ’ன்னீங்க. செஞ்சேன். விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஒரு நாளாவது நான் நிக்காம இருந்தேனா?

அழகர்: இல்ல தாயி, யாரு இல்லேன்னா? வெத்தலைய வாங்குனா சரின்னு அர்த்தம், அது நம்ம வழக்கம். வெள்ளக்காரன் சட்டத்துக்கு வெத்தல தெரியுமா? ஒரு மாசம் முந்தியே தோட்டத் தொரைக்குத் தெரியணும். தெரியாமப் போனா ஓடிப்போனவதான். ஜெயிலுதான்.

ரெங்கம்மா: நான் எப்படித் தொரைகிட்டப் போறது? பங்களா வாசப்படிய மிதிச்சா நாய அவுத்து விடுவாங்க. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கங்காணிதானே? கங்காணிதானே தொரைக்குச் சொல்லணும்? சொன்னீங்களா மாமா?

அழகர்: கொழுந்து குமிஞ்சு கெடந்த நேரம் புள்ள. ஒரு ஆளும் வெளிய போகக் கூடாதுன்னு தொரை குதிச்சுக்கிட்டு இருந்தாரு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...

ரெங்கம்மா: பெரட்டுல ஒரு ஆளு கொறஞ்சா உங்க தலக்காசு கொறையும்.

அழகர்: அதுக்காக இல்ல!

புஹாரி: என்ன அங்க சத்தம்?

அழகர்: ஒண்ணுமில்லைங்க ஐயா... குடும்பப் பேச்சு.

ரெங்கம்மா: ஓடிப்போறவ சட்டிபானையத் தலையில வச்சு, புள்ளையக் கையில புடிச்சு, பட்டப்பகல்ல பெரிய ரோட்டு வழியாவா போவா? பாலத்துக்கிட்டக் காவக்காரன் மறிச்சப்ப நான் சிரிச்சேன் மாமா. வேற யாரையோ தேடுறான்னு நெனச்சேன்.

அழகர்: அழுவாத.

ரெங்கம்மா: அழுவல. கோர்ட்டுல நம்ம பேச்ச இங்கிலீசுல சொல்ற ஐயா நல்ல மனுசன். ‘கங்காணி வந்து சத்தியம் பண்ணிச் சொன்னா நீதவான் யோசிப்பாரு, வராட்டி உன் வார்த்த மட்டும்தான்’னு சொன்னாரு.

அழகர்: அதுக்குத்தானே வந்திருக்கேன்!

ரெங்கம்மா: சொல்லுவீங்களா?

அழகர்: உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்? உங்க ஆத்தா முகத்துல நான் முழிக்க வேணாமா?

ரெங்கம்மா: என்ன சொல்லுவீங்க? இப்பச் சொல்லிக் காட்டுங்க.

அழகர்: இங்கயா?

ரெங்கம்மா: நாந்தான் நீதவான்னு வச்சுக்குங்க.

அழகர்: நல்லா வெளையாடுற... சரி. ‘ரெங்கம்மா நல்ல வேலக்காரிங்க நீதவான் ஐயா. போறேன்னு ஏதோ பேச்சுவாக்குல...’

ரெங்கம்மா: பேச்சுவாக்குலயா?

அழகர்: ‘...போறேன்னு முந்தியே சொல்லிச்சுங்க.’

ரெங்கம்மா: யாருகிட்ட?

அழகர்: ‘என்கிட்ட.’

ரெங்கம்மா: வெத்தல?

அழகர்: அதையுமா சொல்லணும்?

ரெங்கம்மா: அதைத்தான் சொல்லணும்.

அழகர்: நீ உங்க ஆத்தாளுக்கு மேல... சரி. ‘வெத்தல பாக்கு வச்சுச்சு. நான் வாங்கிட்டேன். தொரைகிட்டச் சொல்லல. தப்பு என்னுது.’ போதுமா?

ரெங்கம்மா: போதும். நல்லா இருந்துச்சு. போலீசு ஐயா, கேட்டீங்களா?

புஹாரி: கேட்டேன். கேட்டு நான் என்னம்மா செய்ய?

அழகர்: கேக்கட்டும், நாலு பேரு கேக்கட்டும்! எனக்கென்ன பயம்? எந்திரி புள்ள, உள்ள போவோம். நீதவான் மேசைக்கு முன்னால நின்னு இதையே சத்தமாச் சொல்றேன், வா.

ரெங்கம்மா: உக்காருங்க மாமா. என்னக் காலையிலயே கூப்பிட்டு முடிச்சாச்சு. மூணு மாசம் ஜெயிலு. தீர்ப்புச் சொல்றதுக்கு முந்தி, ‘அழகர் கங்காணி வந்திருக்கானா’ன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டாங்க. சன்னல் வழியாப் பாத்தேன்... எதிர்க்கடையில நின்னுக்கிட்டு இருந்தீங்க. உங்க பேரு காதுல விழுந்ததும் தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, கடைக்குள்ள போயிட்டீங்க.