நாற்பது பிள்ளைகளும் திக்கிய நாள்

பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்றதைப் பத்தி மார்க்க அறிஞர் நம்ம ஹஜ்ரத் இந்த மேடையில இவ்வளவு நேரம் அழகாப் பேசிட்டாங்க. எனக்கு அழகாப் பேச வராது. என் மானம் போன கதை ஒண்ணு இருக்கு, சின்னதுதான்... அதை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

எங்க ஊர்ல பிள்ளைங்க குர்ஆன் ஓதுற மாலை மதரஸாவுக்கு நான்தான் செயலாளர். எப்படி ஆனேன்னு கேட்காதீங்க. யாரைப் போடலாம்னு கேட்டப்ப எல்லாரும் குனிஞ்சு செல்போனைப் பார்த்தாங்க, நான் ஒருத்தன் நிமிர்ந்துட்டேன்.

அங்கே ஒன்பது வயசுல ஒரு பிள்ளை. ருமானான்னு வச்சுக்குங்க, அவ பேரையும் அவ உம்மா பேரையும் மாத்திட்டேன். பேச்சு திக்கும். பாடம் ஒப்பிக்க எழுந்தா முதல் எழுத்துலயே நின்னுடும். உடனே பின்னாடி மூணு பேர் களுக்குனு சிரிப்பானுங்க. அவ உம்மா ஜுவைரியா என்னை அண்ணனா நினைச்சு வந்து சொல்றாங்க, "காக்கா, இனிமே ஓதப் போகமாட்டேங்கிறா. ஏதாவது பண்ணுங்க."

நான் என்ன சொன்னேன்? "இதுக்கா இந்தக் கவலை? பத்து நிமிஷம் குடும்மா."

பத்து நிமிஷம்... சிரிச்சது யாருன்னு விசாரிச்சேனா? இல்லை. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நேரா வகுப்புக்குள்ள போய்த் தொண்டையைச் செருமினேன். "பிள்ளைகளே, குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுறவங்களுக்கு அல்லாஹ்கிட்ட ரெண்டு கூலி. நம்ம ருமானாவுக்கு ரெண்டு கூலி. இனிமே சிரிப்பீங்களா?" நாற்பது பேரும், "மாட்டோம்." எனக்குப் பெருமை தாங்கல. வெளியே வந்து ஒரு டீ குடிச்சேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்கப்புறம், ஓதிக் கொடுக்கிற உஸ்தாது ஸலாஹுத்தீன் போன் பண்றார். "செயலாளரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். ஒரு பையன் எழுந்தான். "அ... அ... அ... அலிஃப்." அடுத்தவன், "ப... ப... ப... பா." அடுத்தவன், அதுக்கடுத்தவன்... நாற்பதும் திக்குது. முன் வரிசையில ஒரு பொடிசு கண்ணைக் கசக்கிட்டு நிக்கிறான். "உஸ்தாது, எனக்கு மட்டும் திக்க வரமாட்டேங்குது."

உஸ்தாது என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் ரெண்டு கூலி வேணுமாம். ஒரு மணி நேரமாச்சு, நாலாவது எழுத்தைத் தாண்டல."

நீங்க சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சேன். வயிறு குலுங்கச் சிரிச்சேன்... அப்புறம்தான் பார்த்தேன். ருமானா இடம் காலியா இருந்துச்சு. பாதியிலேயே பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாளாம்.

அவங்க வீட்டுக்கு ஓடினேன். ஜுவைரியா கதவைத் திறந்த வேகத்துலயே கேட்டாங்க. "காக்கா, முந்தி மூணு பேர்தான் சிரிச்சாங்க. உங்க புண்ணியத்துல இப்ப நாற்பது. இனி அவளை நான் அனுப்புறதா இல்லை."

பிள்ளைகிட்ட உட்கார்ந்தேன். "என்னம்மா பண்ணணும், நீயே சொல்லு."

"மு... மு..." ன்னா.

"முட்டாய் வேணுமா?"

உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க... வாயை மூடிக்கிட்டேன். காத்திருந்தேன். என் ஆயுசுலயே நான் வாயை மூடிட்டு இருந்த நீளமான ஒரு நிமிஷம் அதுதான். அப்புறம் சொன்னா, "முஸம்மில்தான்... என்னைய மாதிரி... பேசிக் காட்டுவான். கூட ரெண்டு பேர்... சிரிப்பாங்க."

முஸம்மில் யாரு? என் மகன். பதினோரு வயசு. நான் பெத்த பிள்ளை.

வீட்டுக்குப் போன வேகத்துல கையை ஓங்கிட்டேன். அவன் அழல. கேட்டான். "வாப்பா, நீங்க நம்ம பள்ளிவாசல் பேஷ்இமாம் தும்முற மாதிரி தும்மிக் காட்டினா உம்மா புரையேறிச் சிரிக்கிறாங்களே, அது மட்டும் சரியா?"

ஓங்கின கையால தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன். வேற என்ன பண்றது? அடுப்படியில என் பொஞ்சாதி பாத்திரம் கழுவுற சத்தம் நின்னுபோச்சு.

மறுநாள் நானும் முஸம்மிலும் கிளம்பினோம். முதல்ல இமாம்கிட்ட போய் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார், "தெரியும்பா. காதுல விழுந்துச்சு. அதுலேருந்து தும்மல் வந்தா வெளித்திண்டுக்குப் போயிடுறேன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்... ஆனா போயிடுறாராம். அறுபது வயசு மனுஷன்.

இதை முஸம்மில் பக்கத்துல நின்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்ல வேண்டி இருக்கல. அவனே ருமானா வீட்டு வாசல்ல போய், "நான் பண்ணினது தப்பு, இனிமே பண்ணமாட்டேன்"னான். அவ ரெண்டே நிபந்தனை போட்டா. ஒண்ணு, அவளைப் பத்தி வகுப்புல யாரும் பிரசங்கம் பண்ணக்கூடாது. என்னைப் பார்த்துத்தான் சொன்னா. ரெண்டாவது, அவ சொல்லி முடிக்கிறவரைக்கும் யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது, உஸ்தாது உட்பட.

உஸ்தாது ஒத்துக்கிட்டார். அதோட, மத்த ரெண்டு பேரோட வாப்பாமாரையும் தனித்தனியாக் கூப்பிட்டுப் பேசினார். இனி ஒருத்தன் சிரிச்சாலும் அன்னைக்கே வீட்டுக்குத் தகவல் போகும்னு சொல்லிட்டார்.

திங்கட்கிழமை ருமானா வந்தா. எழுந்து நின்னா. மத்தவங்க ஒரு நிமிஷத்துல ஒப்பிக்கிறதை அஞ்சு நிமிஷத்துல ஒப்பிச்சா. யாரும் சிரிக்கல. நாலாவது நிமிஷத்துல அந்தப் பொடிசு கொட்டாவி விட்டான், அதோட சரி. முடிச்சுட்டு உட்காரும்போது ஒரு எழுத்து பாக்கி இல்லை.

அவகிட்ட கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். முஸம்மில்கிட்டயும் கேட்டேன். "உங்க பங்கையும் சேர்த்துச் சொல்லுங்க வாப்பா"ன்னான். சொல்லிட்டேன்.

வாப்பாமாரே, உம்மாமாரே... பிள்ளை அழுதுட்டு வந்தா முதல்ல என்ன பண்ணணும்? பிரசங்கமா? இல்லை. அதுகிட்ட கேளுங்க. கேட்டுட்டு... அது முடிக்கிறவரைக்கும் வாயை மூடிட்டு இருங்க. என்னாலயே முடிஞ்சுது, உங்களால முடியாதா? இன்னொண்ணு, கேலி பண்ணின பிள்ளை யார்கிட்ட அதைப் படிச்சுதுன்னு மதரஸாவுல தேடாதீங்க. சோத்துத் தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து யார் நடையை, யார் பேச்சை நடிச்சுக் காட்டுறோம்னு யோசிங்க. எதிர்ல ஒருத்தன் சோத்தை அள்ளிக்கிட்டே பாடம் படிக்கிறான். அந்த ஒரு பாடத்தை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் ரெண்டாந்தடவை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.