‘கர்த்தர்’ என்றீர்கள், ‘கட்டர்’ என்று கேட்டது

நூல் அறுந்தாலும் நிதானம் அறாத நல்லவரே! ஊசியின் கூர்மையும் உள்ளத்தின் மென்மையும் ஒருங்கே பெற்றவரே! அண்ணனூரிலிருந்து அன்றாடம் அலுக்காமல் வந்து, அறுபது இயந்திரங்களின் இரைச்சலிலும் அன்பையே பேசிய அம்மையே! ஆவடி சீருடைத் தையற்கூடத்தின் அணிவிளக்கே, ஞானம்மாள் அம்மையாரே! வணக்கம்; தங்கள் வழக்கப்படி, ஸ்தோத்திரம்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பொத்தான் தைக்க வந்தீர்கள். காலர் தைப்பதில் கரைகண்டு, பதினாறு ஆண்டுகள் நிறைத்து, இன்று விடைபெறுகிறீர்கள். தாங்கள் தைத்த காலர் உறுத்தியதாக எந்தக் கழுத்தும் இதுவரை புகார் சொன்னதில்லை. சாப்பிடுமுன் தாங்கள் கண்மூடி ஜெபித்த நேரத்தில் தங்கள் கருவாட்டுக் குழம்பைக் களவாடியவர்களும் இம்மடலில் கையெழுத்திட்டிருக்கிறோம். “இன்னாம்மா முணுமுணுக்கிறே?” என்று கேட்டவர்களிடம் இயேசுவைப் பற்றி இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

ஆனால் சென்ற வாரம் கத்தரிக்கோலைத் திருப்பித் தரும்போது, “பதினாறு வருசமா சொல்லிகினே இருந்தேன், ஒருத்தர் காதுலயாவது ஏறிச்சா?” என்றீர்களே, அது எங்களைத் தைத்தது. அந்தக் கேள்விக்கு, துணி வெட்டும் கட்டர் உலகநாதனிடம் ஒரு பதில் இருக்கிறது. எழுந்து நின்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு. பருத்திப்பட்டிலிருந்து நாகவல்லி வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் தைத்த நாற்பத்திரண்டு சட்டைகளில் இடக்கை வலப்புறமும் வலக்கை இடப்புறமும் ஏறியிருந்தன. மேற்பார்வையாளர், “நாளையிலிருந்து வராதே” என்று சொல்லிவிட்டார். தவறு நாகவல்லியுடையது அல்ல. சுண்ணக்கட்டியால் கைத்துண்டுகளுக்கு இடம், வலம் என்று அடையாளமிட்ட உலகநாதனே மாற்றிப் போட்டுவிட்டார். தைத்து முடிவதற்குள் சுண்ணக்கோடு அழிந்துபோயிற்று; எனவே தவறு அவருக்கு மட்டுமே தெரியும். அவரை மேஸ்திரியாக்கும் உத்தரவு வரவேண்டிய வாரம் அது. வாயைத் திறப்பதில்லை என்று உலகநாதன் தீர்மானித்துக்கொண்டார்.

அழுது நின்ற பெண்ணிடம் தாங்கள், “அழாதே, கர்த்தர் பாத்துக்குவாரு” என்றீர்கள். கர்த்தர் என்ற பெயரை அதற்குமுன் கேட்டறியாத நாகவல்லிக்கு, அந்த இரைச்சலில் அது ‘கட்டர்’ என்று விழுந்தது. சட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே வெட்டும் மேசைக்குப் போனார்.

“அண்ணாத்தே, நீங்க பாத்துக்குவீங்கன்னு ஞானம்மா சொன்னாங்க.”

தங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே உலகநாதன் நினைத்தார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போய், தவறு தன்னுடையது என்றார். நாகவல்லிக்கு வேலை நிலைத்தது. உலகநாதனுக்கு மேஸ்திரிப் பதவி போயிற்று.

அன்று மாலை வாசலில் தங்களை மறித்து, “கட்டர் பாத்துக்குவாருன்னு அந்தப் பொண்ணாண்ட சொன்னியாமே, எப்டிம்மா கண்டுபுடிச்சே?” என்று கேட்டார்.

“எத்த? நான் கர்த்தர்னு இல்ல சொன்னேன்!” என்று சிரித்தீர்கள். ‘கட்டர் பாத்துக்குவாரு’ என்று எட்டு வருடமாய் நாங்களும் கேலி பேசிச் சிரித்தோம். மூட்டையைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தவறு தெரிந்தது என்றே எல்லோரும் நம்பினோம். முன்பே தெரிந்தும் மறைக்கத் துணிந்ததை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

உலகநாதன் இன்றும் திருமுல்லைவாயில் சிவன் கோயிலுக்குத்தான் போகிறார். ஆனால் அன்று தன்னிடம் அந்தப் பெண்ணை அனுப்பியது யார் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார். சொன்னவர் நினைத்தது ஒன்று, கேட்டவர் கொண்டது ஒன்று. நடந்ததோ இருவரும் எண்ணாத மூன்றாவது. எங்களுக்கும் விளங்கவில்லை, அம்மையே.

கண்ணொளி குன்றாது, கைந்நடுக்கம் காணாது, பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் சட்டை தைத்து நெடுநாள் வாழ்க!

இதை வாசிக்கும் இந்நேரம், மாலையோடு தங்கள் அருகில் நிற்கும் நாகவல்லியும் உண்மையை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார். உலகநாதன் தலைகுனிந்து வாசலோரம் நிற்கிறார். அந்த இரண்டு முகங்களையும் ஒருமுறை பாருங்கள். காதில் ஏறியதா இல்லையா என்று தாங்களே சொல்லுங்கள்.

இவண்,
தங்களைப் பிரிய மனமில்லாத
தையற்கூடத் தொழிலாளர்கள்
ஆவடி, 31.5.1977