றோஸ் குளிசை

கிறகரி: விளங்குதோ? டொக்ரர் கேட்டா, "ஒரு நாளும் விடாமல் குளிசை போடுறார்" எண்டு சொன்னாக் காணும். வேறை ஒண்டும் கதைக்காத.

புஸ்பம்: ஏன், போடுறதுதானே? ஒவ்வொரு நாளும் விடிய என்ரை கையாலைதானே எடுத்துத் தாறன்.

கிறகரி: அதைத்தான் சொல்லு எண்டுறன்.

புஸ்பம்: நீங்கள் பாடமாக்கித் தாறதைப் பாத்தா, கிளினிக்குக்கில்லை, பொலிசுக்குப் போற மாதிரிக் கிடக்கு.

கிறகரி: சும்மா இரு... எங்கை வந்திட்டம்?

புஸ்பம்: வெள்ளாங்குளம் இன்னும் வரேல்லை. யாழ்ப்பாணம் போய்ச்சேரப் பத்து மணியாகும். கொஞ்சம் கண்ணை மூடுங்கோ.

கிறகரி: இந்த பஸ் தூக்கிப் போடுற போடுக்கு, தை மாசம் நெஞ்சுக்கை வைச்ச ஸ்ரென்ட் வாயாலை வந்திடும்.

புஸ்பம்: வாயைக் கழுவுங்கோ! அதை வைக்கிற நேரம் ஆஸ்பத்திரி விறாந்தையிலை நான் எத்தினை செபமாலை சொல்லியிருப்பன்...

கிறகரி: "ஐயா, அடைச்ச ரத்தக்குழாய்க்குள்ளை சின்னக் கம்பி வலை ஒண்டை விரிச்சு விட்டிருக்கிறம்" எண்டார் டொக்ரர். நாப்பது வருசம் கடலிலை வலை விரிச்சவனுக்குக் கடைசியிலை நெஞ்சுக்குள்ளை ஒண்டு.

புஸ்பம்: அந்த வலையிலை ரத்தம் கட்டிப்படாமல் இருக்கத்தான் அந்த றோஸ் நிறக் குளிசை, ஒரு வருசத்துக்கு ஒரு நாளும் விடக்கூடாது எண்டும் சொன்னவர். அதையும் சேத்துச் சொல்லுங்கோவன்.

கிறகரி: ...ம்.

புஸ்பம்: என்ன, ம்?

கிறகரி: இல்லை... பஸ் ஏறி எவ்வளவு நேரம், இன்னும் உனக்கு மூச்சு வாங்குது. வருத்தக்காரன் நான்.

புஸ்பம்: விடியமுன்னம் எழும்பிச் சமைச்சவளுக்கு மூச்சு வாங்காமல் பாட்டே வரும்?

கிறகரி: கையிலை என்ன நீலமாக் கண்டியிருக்கு?

புஸ்பம்: வாளி இடிச்சது.

கிறகரி: போன கிழமை மற்றக் கையிலை கிடந்துதே...

புஸ்பம்: அதுவும் வாளிதான். கதையை மாத்தாதேங்கோ. டொக்ரருக்குச் சொல்ல ஏன் எனக்குப் பாடமாக்கித் தாறியள்?

கிறகரி: ...நான் களைச்சுப் போனன், புஸ்பம்.

புஸ்பம்: என்னத்திலை?

கிறகரி: எல்லாத்திலையும்தான். ஒரு நாளைக்கு ஏழு குளிசை... உப்பில்லாத குழம்பு... ரோட்டுக்கு இறங்கினா "கிறகரியண்ணை, இப்ப எப்பிடி?" எண்டு நூறு பேர். அலுத்துப்போச்சு.

புஸ்பம்: இஞ்சேரப்பா... நெஞ்சு திரும்ப நோகுதோ?

கிறகரி: யன்னலாலை பார், வெள்ளாங்குளம் வந்திட்டுது போலை.

புஸ்பம்: என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

கிறகரி: ஒரு கிழமையா. கடற்கரையிலை மீன் வாடிக்கு நடக்கேக்கை மட்டும்.

புஸ்பம்: யேசுவே! குளிசை போட்டும் நோகுதெண்டா...

கிறகரி: போட்டாத்தானே.

புஸ்பம்: என்ன சொன்னனீங்கள்?

கிறகரி: கத்தாத, சனம் பாக்குது... மற்றதெல்லாம் போட்டனான். றோஸ் குளிசையை மட்டும் மூண்டு மாசமா விழுங்கேல்லை. விரலிடுக்கிலை ஒளிச்சு வைச்சிட்டு, மிச்சத்தை உனக்கு முன்னாலை வாயிலை போடுவன்.

புஸ்பம்: ஏன் மனிசா? ஏன்?

கிறகரி: நீ சந்தைக்குப் போற நேரம் வாடிக்குப் போய், அங்கை தொழில் செய்யிற றோய் ஆக்களோடை வலையிலை நண்டு கழட்டினனான். நண்டுக்கால் கீறினா ரத்தம் நிக்கிற பாடில்லை. கட்டின சாரமெல்லாம் ரத்தம். நீ கண்டா வாடிப் பக்கமே விடமாட்டாய்... குளிசையை விட்டன், ரத்தம் நிண்டுது.

புஸ்பம்: கையிலை நிண்டா நெஞ்சுக்குள்ளையும் நிக்குமெண்டு யோசிக்கேல்லையோ?

கிறகரி: இப்பதான் யோசிக்கிறன். பயமாக் கிடக்கு, புஸ்பம்.

புஸ்பம்: விழுங்காததை என்ன செய்தனீங்கள்? கடலிலை எறிஞ்சியளோ?

கிறகரி: மருந்தை எறிய மனம் வருமே... வலை ஊசி வைக்கிற பால்மா ரின்னுக்கை போட்டு வைச்சன்.

புஸ்பம்: ...எந்த ரின்? மூடி நெளிஞ்சதோ?

கிறகரி: ஓம். அந்த நெளிவுக்குள்ளாலைதான் உள்ளை தள்ளி விடுவன், திறக்கிறேல்லை. ஏன் உன்ரை முகம் வெளிறுது? அதுவும் போச்சு. விட்டதையெல்லாம் சேத்துப் போட்டா நோ நிக்குமாக்கும் எண்டு முந்தாநாள் திறந்து பாத்தன், ஒண்டுதான் மிச்சம். எலி கொண்டு போட்டுது.

புஸ்பம்: எலி இல்லை.

கிறகரி: பின்னை?

புஸ்பம்: நான்தான். வேலி கட்டக் கயிறு தேடப்போய்க் கண்டனான்... கிளினிக்கிலை கூடத் தந்ததை எடுத்து வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். உங்கடை நெஞ்சுநோவை நிப்பாட்டின குளிசையெண்டு நாளுக்கு ஒண்டா நானே போட்டனான். ஆனி மாசத்திலையிருந்து எனக்கும் நெஞ்சிலை அதே இடத்திலைதான் இறுக்குது... ரண்டு பேரும் படுத்தா ஆர் பாக்கிறது எண்டு சொல்லேல்லை. கை கண்டினதும் அந்தக் குளிசையாலைதான், வாளி ஒண்டும் இடிக்கேல்லையப்பா... இப்ப சொல்லித் தாங்கோ, டொக்ரரிட்டை நான் என்ன சொல்லட்டும்?