ரெண்டு தீ

எழுபத்தொரு வயதிலும் கடலைமிட்டாயை நான் கடித்தே தின்கிறேன். உங்கள் ஆண்டு மலருக்கு மர ரயில் மொய்துவின் தொழில் வாழ்க்கை வேண்டும், ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள் என்றீர்கள். அப்படியே எழுதுகிறேன்.

வேலந்தாவளம் சந்தைக்குப் பின்னால் என் பட்டறை. முப்பத்து நாலு வருஷம் மலைவேம்பில் பொம்மை ரயில் வரைந்தேன், அறுத்தேன், இழைத்தேன். என் எஞ்சினைப் பார்த்தால் பாலக்காடு ஜங்ஷனில் நிற்கிற நிஜ எஞ்சின்கள் வெட்கப்பட்டுப் பின்னால் போகும். கோயம்புத்தூரிலிருந்து கொல்லம் வரை என் ரயிலைக் கடிக்காமல் பல் முளைத்த பிள்ளை ஒன்று கிடையாது. ஒரே குறை, வளைவில் கவிழும். கவிழ்வதிலும் ஓர் அழகு உண்டென்று சொல்லியே விற்றேன்.

காந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டை விட்டு, மனைவி ரோசியுடன் யாக்கோபு வேலைக்கு வந்தபோது அவனுக்கு நாற்பது வயது. ஒரு வாரம் என் ரயில் கவிழ்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அச்சுத் துளையை ஒரு நூல் அகலமாக்கினான். ரயில் வளைவில் திரும்பிவிட்டது. கைதட்டினேன். எனக்குக் கைதட்ட நன்றாக வரும்.

எங்கள் பக்கம் ரயிலுக்குத் தீவண்டி என்று பேர். பட்டறையில் அதையும் சுருக்கி ‘தீ’ என்போம். “பாய், மூணு தீ குடுங்க” என்று வார்னிஷ் அறைக்குள்ளிருந்து யாக்கோபு குரல் கொடுப்பான், மூன்று ரயிலைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சந்தைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுப் பதறுவார்கள், நாங்கள் சிரிப்போம். அந்த அறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஈர வார்னிஷில் தூசி ஒட்டும் என்பதால், அவன் உள்ளே இருக்கும்போதும் வெளியே தாழிடுவது வழக்கம்.

ஒவ்வோர் எஞ்சினின் வயிற்றிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘மொ’ என்று சுடுவேன். ஒருநாள் யாக்கோபு பக்கத்தில் வந்து நின்றான்.

“பாய், இனிமே பக்கத்துல ஒரு ‘யா’ போட்டுருங்களேன்.”

“எடமெங்கப்பா இருக்குது?”

“எஞ்சின் வயிறு பெருசுதான் பாய். உங்களுது மாதிரி.”

நன்றாகச் சிரித்தேன். அவன் கேட்டது நியாயம். ஆனால் ‘யா’ போட்டால், வளைவில் திரும்புகிற ரயிலெல்லாம் அவனுடையது, கவிழ்ந்ததெல்லாம் என்னுடையது என்று ஆகிவிடும். ஓர் எழுத்து முப்பது வருஷத்தைத் தின்றுவிடும்.

அடுத்த சந்தை நாளில் மாடுகள் கத்தியதில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. சுட்டு முடித்த இரும்பை வைக்க இடம் தேடினேன். வார்னிஷ் அறை அலமாரிக்கு அடியில், வார்னிஷைக் கரைக்கிற தின்னர் துடைத்த துணிகளின் மேல் இடம் இருந்தது. யாக்கோபு சுவர்ப்பக்கம் திரும்பி வேலையாக இருந்தான். தொந்தரவு செய்யாமல் வெளியே வந்து, வழக்கம்போலத் தாழிட்டேன்.

“பாய், தீ. பாய், தீ” என்றான்.

இரண்டு ரயிலை எடுத்தேன். ஒன்றில் சக்கரம் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுச் சரிசெய்தேன். அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. கதவருகே போனபோது அவன் கேட்பதை நிறுத்தியிருந்தான். தாழைத் திறந்ததில் என் உள்ளங்கை வெந்தது. தழும்பு இருக்கிறது, மலருக்கு வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலீசாரிடம், ‘தீ’ என்றால் ரயில் என்கிற பட்டறைப் பேச்சுவழக்கைச் சொன்னேன். ஆமாங்க, இங்கே அப்படித்தான் சொல்வோம் என்று எல்லாரும் சாட்சி சொன்னார்கள்.

போக இடமில்லாத ரோசி என்னிடமே வேலைக்குச் சேர்ந்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு பட்டறையைப் பார்ப்பதும் அவள்தான். ரயில்கள் இப்போது கவிழ்வதில்லை. வயிற்றில் ‘மொ’ என்று அவள் கையாலேயே சுடுகிறாள். மாலையில் எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவருவாள். ஆறு வருஷமாக ஒரே கேள்விதான்.

“கடைசியா அவரு என்ன சொன்னாரு பாய்?”

“ரெண்டு தீ கேட்டான்மா.”

“சாகுறப்பவும் வேல நெனப்புதான் மனுசனுக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிம்மதியாகப் போவாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவன் நான். என் தொழில் வாழ்க்கையில் இதைத்தான் பெரிய நல்ல காரியமாக நினைக்கிறேன்.

கணக்குச் சொல்லாமல் யாக்கோபு ஒருநாளும் தீ கேட்டதில்லை. அன்று அவன் கணக்குச் சொல்லவில்லை. ரெண்டு என்று நான்தான் வைத்துக்கொண்டேன்.