மாத்தாள் கணக்கு

ஜோதிமணி: ...என்னங்க, எனக்கு முன்னாடி வந்து நிக்கிறீங்க? வண்டியே என்னைக்கும் இல்லாத அதிசயமா நேரத்துக்கு வந்திருக்கு. அதுக்கும் முந்தியா?

வீரப்பன்: இன்னிக்கு அமாவாசையில்ல. தறி ஓடாத நாளு. வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்குறதுக்கு, அம்பாத்துரை டேசன்ல உக்காந்து தண்டவாளத்தைப் பாக்கலாம்னு வந்தேன். பையைக் குடு.

ஜோதிமணி: இருக்கட்டும். அதுல ஒண்ணும் கனமில்ல.

வீரப்பன்: அதான் கேக்குறேன். தினமும் அம்மிக்கல்லைக் கட்டித் தூக்கிட்டு வாரவ... இன்னிக்குப் பை காத்தாடுது?

ஜோதிமணி: புஸ்தகத்தை லைப்ரரில திருப்பிக் குடுத்துட்டேன்.

வீரப்பன்: பரீட்சைக்கு முன்னாடியேவா?

ஜோதிமணி: நாளைக்கு இல்ல, திங்கக்கெழமைக்குத் தள்ளிப்போச்சுன்னு சொன்னேன்ல... சைக்கிளை ஆடாமப் பிடிங்க, ஏறணும்.

வீரப்பன்: ஏறு. சேலையை ஒதுக்கிக்க, சக்கரத்துல மாட்டிரும்... உக்காந்துட்டியா?

ஜோதிமணி: ம்.

வீரப்பன்: வண்டியில தூங்குனியா இன்னிக்கு?

ஜோதிமணி: இல்ல. எப்பவும் சோழவந்தான்ல வெத்தலைக் கூடை ஏத்துனதும் அந்த வாசத்துக்குக் கண்ணு சொருகிரும். கொடைரோட்டுல ஏறுற பூக்காரம்மா வந்து, டீச்சர், அடுத்தது உங்க ஊருன்னு தட்டி எழுப்பும். இன்னிக்கு நான் முழிச்சிருந்ததைப் பாத்துட்டு, உடம்புக்கு என்ன டீச்சர்ன்னு கேட்டுச்சு.

வீரப்பன்: அந்தம்மா மட்டும் இல்லன்னா நீ தினமும் திண்டுக்கல் போயித்தான் எறங்குவ.

ஜோதிமணி: ஒரு நாளு நடந்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவீங்களே. விடியல்ல பஸ் பிடிச்சு திண்டுக்கல் பள்ளிக்கூடம், மத்தியானம் மதுரை ரயிலு, அங்க காலேஜி, திரும்ப ரயிலு. நீங்க ஒரு வாரம் அலைஞ்சு பாருங்க, தூக்கம் வருதா இல்லையான்னு.

வீரப்பன்: எனக்கு ரயிலு வேணாம். எம்.ஏ. புஸ்தகத்தை விரிச்சு வச்சாலே போதும். பணமும் பாங்கியும்னு ஒண்ணு படிச்சுக் காட்டுனியே, பாதிலயே நான் அவுட்டு.

ஜோதிமணி: குறட்டை விட்டீங்க. நான் அதுக்கு மேல சத்தம் போட்டுப் படிச்சேன். ஒண்ணு தோணிக்கிட்டே வந்துச்சுங்க வண்டியில.

வீரப்பன்: சொல்லு.

ஜோதிமணி: காலையில நான் டீச்சர். கையைக் கட்டு, வாயை மூடுன்னு சத்தம் போடுறேன். மத்தியானத்துக்கு மேல நானே போயிக் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, வாத்தியார் என்னைய எழுப்பிக் கேட்டுறக் கூடாதேன்னு தலையைக் குனிஞ்சுக்கிறேன். இந்த வயசுல. என் வகுப்புல பொன்னழகுன்னு ஒரு பிள்ளை அதே மாதிரிதான் குனியும். மொதல்ல எல்லாம் அவளைத்தான் எழுப்பி எழுப்பிக் கேப்பேன். இப்ப எழுப்புறதில்ல.

வீரப்பன்: அப்ப அவ எப்பிடிப் படிப்பா?

ஜோதிமணி: பக்கத்துல போயி மெதுவாக் கேட்டா சொல்லிருது. அம்புட்டும் தெரியுதுங்க அதுக்கு. நின்னாத்தான் மறந்துருது.

வீரப்பன்: அப்ப உன் காலேஜி வாத்தியாருக்கிட்டச் சொல்லி, உன்னையும் பக்கத்துல வந்து மெதுவாக் கேக்கச் சொல்லவா?

ஜோதிமணி: சொல்லுங்க. மதுரை முழுக்கச் சிரிக்கட்டும்.

வீரப்பன்: மேடு வருது, கெட்டியாப் பிடிச்சுக்க.

ஜோதிமணி: எறங்கிக்கிறேனே.

வீரப்பன்: உக்காரு. ஒண்ணும் இல்ல.

ஜோதிமணி: இப்பிடி மூச்சு வாங்குது உங்களுக்கு. தறி ஓடாத நாள்ல என்ன இம்புட்டு அலுப்பு?

வீரப்பன்: நீ கனத்துட்ட.

ஜோதிமணி: பையில ஒண்ணும் இல்ல. அப்ப நான்தான் கனமா?

வீரப்பன்: நான் அப்பிடிச் சொல்லல.

ஜோதிமணி: அப்பிடித்தான் சொன்னீங்க... ஏங்க, உங்க மேல என்ன கஞ்சி வாடை?

வீரப்பன்: வேட்டிக்குக் கஞ்சி போட்டேன்.

ஜோதிமணி: வேட்டி துவண்டு கெடக்கு. வாடை சட்டையில வருது.

வீரப்பன்: சட்டைக்கும்தான் போட்டேன்னு வச்சுக்கயேன். ரயில் கரியை மூக்குல இழுத்துட்டு வந்து, என் சட்டையை மோந்து பாக்குறியா?

ஜோதிமணி: ...காலேஜில ஒரு நாளு வாத்தியார் பாடம் எடுத்தாரு. அந்தக் காலத்துல பணம் இல்லாம, வேலைக்கு வேலை மாத்திக்கிட்டாங்களாம். இப்ப அதெல்லாம் எங்கயும் கெடையாதாம். எனக்கு எந்திரிச்சுச் சொல்லணும் போல இருந்துச்சு. சின்னாளபட்டிக்கு வாங்க சார், எங்க தெருவுல இன்னும் மாத்தாள்தான். இன்னிக்கு உங்க வீட்டுப் பாவு நூலைத் தெருவுல நீட்டிப் பிடிக்க நான் வந்தா, நாளைக்கு எங்க வீட்டுப் பாவுக்கு நீங்க வரணும். இல்லன்னா நூலு மூட்டையிலயே கெடக்கும், தறி சும்மா கெடக்கும்னு.

வீரப்பன்: சொல்ல வேண்டியதுதானே.

ஜோதிமணி: அதான் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன்னு சொல்றேன்ல. அதோட, அவரு திருப்பிக் கேட்டா? உங்க வீட்டுல யாரும்மா மாத்தாள் போறதுன்னு?

வீரப்பன்: நான் போறேன்.

ஜோதிமணி: நீங்க உங்களுக்கும் போறீங்க, எனக்கும் போறீங்க. தெருவுல விடியல்ல பாவு நீட்டுறப்ப நான் பஸ்ஸுல இருக்கேன். அய்யம்மாக்கா வெரலை மடக்கி எண்ணுவாங்க. யாரு வீட்டுப் பொம்பளை எத்தனை தடவை முனை பிடிக்க வந்தான்னு. எனக்கு மடக்க வெரலே தேவைப்படாது.

வீரப்பன்: மதினி அப்பிடித்தான். எண்ணிட்டுப் போகட்டும். ஓரகத்தின்னா நாலு வார்த்தை இருக்கத்தான் செய்யும்.

ஜோதிமணி: இல்லங்க, அவங்க கேட்டது நியாயம். இந்தத் தடவை ஜோதி நேர்ல வந்து முனை பிடிச்சாத்தான் உங்க பாவுக்கு நாங்க வருவோம்னு தெருவே சொல்லுதுன்னா, சும்மாவா சொல்லுவாங்க? நாளைக்கு நம்ம பாவு முறை, அதை விட்டா அடுத்த முறை எப்ப வருமோ. நெசவாளர் சொசைட்டில குடுக்குற கல்யாணச் சேலை அம்புட்டும் வேற தறிக்குப் போயிரும்.

வீரப்பன்: ...ம்.

ஜோதிமணி: காலையில பாத்தீங்கள்ல. நான் கெளம்பிக்கிட்டு இருக்கேன், அக்கா வாசல்ல நின்னு, இன்னும் பஸ்ஸுக்குப் போகலையா, இன்னும் போகலையான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. வெரட்டுற மாதிரி. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

வீரப்பன்: அது... அமாவாசையில்ல, அதான் வெள்ளன எந்திரிச்சிருக்கும்.

ஜோதிமணி: அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?

வீரப்பன்: ஒண்ணுமில்ல. குழி வருது, பாத்து... ஆமா, திங்கக்கெழம என்ன தாளு எழுதணும்?

ஜோதிமணி: எதுக்கு?

வீரப்பன்: சும்மாத்தான். கேக்கக் கூடாதா?

ஜோதிமணி: பணமும் பாங்கியும்.

வீரப்பன்: அதைப் போன வாரமே எழுதிட்டேன்னியே. நல்லா எழுதியிருக்கேன்னு அன்னிக்கு ஒரு கரண்டி சோறு கூடச் சாப்ட்ட.

ஜோதிமணி: ...அது வேற தாளு.

வீரப்பன்: ஓகோ. ரெண்டு பாங்கி இருக்கும் போல. நேத்துக் காலையில நூல் விசயமா திண்டுக்கல் போயிருந்தேன்ல... டீக்கடையில கிறிஸ்துராஜைப் பாத்தேன்.

ஜோதிமணி: யாரு?

வீரப்பன்: யாருன்னு கேக்குற. உன் கூடப் படிக்கிறவரு. தபாலாபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு, ஒரே ரயில்லதான தினமும் போறீங்க.

ஜோதிமணி: ஆமா... என்ன சொன்னாரு?

வீரப்பன்: டீ நல்லா இல்லன்னாரு.

ஜோதிமணி: வேற?

வீரப்பன்: பரீட்சையைப் பத்திப் பேசுனாரு.

ஜோதிமணி: பொதுவாவா?

வீரப்பன்: பொதுவாத்தான்.

ஜோதிமணி: ...

வீரப்பன்: என்ன, சத்தத்தைக் காணோம். தூங்கிட்டியா? இங்க பூக்காரம்மா இல்ல, விழுந்தா நான்தான் தூக்கணும்.

ஜோதிமணி: செத்த நேரம் பேசாம ஓட்டுங்க.

வீரப்பன்: சரி.

ஜோதிமணி: ...தள்ளிப்போகலைங்க.

வீரப்பன்: என்னது?

ஜோதிமணி: பரீட்சை. நாளைக்குத்தான். கடைசித் தாளு. பொய் சொல்லிட்டேன்.

வீரப்பன்: ம்.

ஜோதிமணி: ம்-ங்கிறீங்க. தெரியுமா உங்களுக்கு?

வீரப்பன்: நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். அம்பாத்துரையில இருந்து இம்புட்டுத் தூரம் ஆயிருக்கு.

ஜோதிமணி: ஒரு தாளு எழுதலன்னாலும் எழுதுனது அம்புட்டும் வீண்தான். அடுத்த வருசம் மறுபடி மொதல்ல இருந்து எழுதணும். எழுதப் போறதில்ல. நிறுத்திரலாம்னுதான் புஸ்தகத்தை எல்லாம் குடுத்துட்டு வந்தேன். நம்ம தறி சும்மா கெடக்க, நான் பேனாவைத் தூக்கிட்டு மதுரைக்கு ரயிலேறுறது... அது எனக்கு முடியலைங்க.

வீரப்பன்: புஸ்தகத்தைக் குடுத்தப்ப எப்பிடி இருந்துச்சு?

ஜோதிமணி: லேசா இருந்துச்சு. அப்பறம் வண்டியில வந்து உக்காந்தா, கை சும்மா இருக்கு. தினமும் புஸ்தகம் இருக்கும் மடியில. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன செய்யிறதுன்னு தெரியல. சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

வீரப்பன்: அழுதியா?

ஜோதிமணி: கண்ணுல கரி விழுந்துச்சு.

வீரப்பன்: ரெண்டு கண்ணுலயுமா?

ஜோதிமணி: ...ஆமா. ரெண்டுலயும்தான்.

வீரப்பன்: நாளைத் தாளுக்கு நோட்டு இருக்குல்ல வீட்டுல?

ஜோதிமணி: அது எதுக்கு இப்ப? நாளைக்கு நான் முனை பிடிக்கப் போறேன். முடிவு பண்ணியாச்சு, நீங்க மாத்தப் பாக்காதீங்க. எனக்கு நல்லா ஒரு அழுகை அழுது தூங்குனாச் சரியாப் போகும். நம்ம தெரு வந்துருச்சு. அக்கா வீட்டு வாசல்ல செத்த நிறுத்துங்க. விடியல்ல வந்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன்.

வீரப்பன்: வேணாம். மதினி படுத்திருச்சு.

ஜோதிமணி: விளக்கு வைக்கிற நேரத்துல படுத்துட்டாங்களா?

வீரப்பன்: அலுப்பு.

ஜோதிமணி: உங்களுக்கும் அலுப்பு, அவங்களுக்கும் அலுப்பு. அமாவாசையில இந்தத் தெருவுல என்னதான் செஞ்சீங்க எல்லாரும்?... நிறுத்துங்க, நிறுத்துங்க. சைக்கிள் விளக்கு வெளிச்சத்துல என்னமோ தெரிஞ்சுச்சு. மோதிறப் போறீங்க.

வீரப்பன்: முளைக்குச்சி. எறங்கிக்க. உருட்டிட்டுப் போயிருவோம்.

ஜோதிமணி: நாளைப் பாவுக்கு இப்பவே முளை அடிச்சாச்சா? சைக்கிள் நின்னதும் டைனமோ விளக்கும் அணைஞ்சு போச்சு, ஒண்ணும் தெரியல... ஏங்க. இதைத் தொட்டுப் பாருங்க. கஞ்சி காஞ்சு ஒட்டியிருக்கு.

வீரப்பன்: இருக்கும்.

ஜோதிமணி: பாவு நீட்டிக் கஞ்சி போட்டு முடிச்சிருக்கு இங்க. நேத்து முளையே இல்ல. இன்னிக்கு அமாவாசை. தறியையே யாரும் தொட மாட்டாங்களே... யாரு வீட்டுப் பாவு? சொல்லுங்க. யாரு வீட்டுது?

வீரப்பன்: நம்ம வீட்டுதுதான். நேத்து மதினிக்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், பாவு நீட்டுற அன்னிக்குத்தான் அவளுக்குக் கடைசிப் பரீட்சை, அதை விட்டுட்டு உங்க பேச்சுக்கு முனை பிடிக்க வாரான்னு. கேட்டதும் எந்திரிச்சு ஒவ்வொரு வீடாப் போயிக் கதவைத் தட்டுச்சு. அமாவாசை வேலை மாத்தாள் கணக்குல சேராதாம், அதை யாரும் யாருக்கும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லையாம். அழகர் தாத்தா மட்டும் நாள் கெட்ட நாளுன்னு மொணங்குனாரு, மதினி அவரு வாயை அடைச்சிருச்சு. இன்னிக்குக் காலையில நீ எப்படா பஸ் ஏறுவேன்னு அம்புட்டுப் பேரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள காத்துக்கிட்டு இருந்தோம். உன் பக்கத்து முனையை மதினிதான் பிடிச்சுச்சு... பேனாவுக்கு மை ஊத்தி வச்சிருக்கேன், உள்ள போயி உக்காந்து படி.